‘இயன்றவரை’: ஒரு சட்டச் சொற்றொடரும் ஆறு படிகளும்

வட இந்திய நகரம் ஒன்றின் ஆவணக் காப்பகத்திற்கு இரண்டு ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். முகப்பில் ஆறு படிகள், கைப்பிடி கிடையாது. என்னுடன் வரும் ஆய்வு நண்பர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். முதல் ஆண்டு முழுவதும் அவர் ஆய்வு செய்த விதத்தை முறையியல் வகுப்பில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் கீழே வேப்பமரத்தடியில் இருப்பார். நான் மேலே போய்ப் பட்டியலைப் படம் எடுத்துவருவேன். அவர் கோப்பு எண்களைக் குறித்துத் தருவார். நான் மீண்டும் மேலே போய் அவற்றைக் கேட்டு வாங்கிப் படம் எடுப்பேன். தேடிய தாளுக்கு அடுத்த தாளில், தேடாத ஒன்று தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் காப்பக ஆய்வின் உயிர். அந்தத் தற்செயல் அவருக்கு வாய்க்கவில்லை.

சாய்தளம் அமைக்கக் கோரி இருவரும் மனு எழுதினோம். ஒரே வாக்கியத்தில் ஆங்கிலப் பதில் வந்தது. கிடைக்கக்கூடிய நிதிக்கு உட்பட்டு, இயன்றவரை, கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்பது அதன் பொருள். அவருக்குக் கோபம் வந்தது. மொழியியல் படித்த பழக்கத்தால் எனக்கோ அந்த அடைமொழித் தொடர் பழக்கப்பட்டதாகத் தோன்றியது. அதன் தடத்தைப் பின்பற்றிப் போனதில் கிடைத்ததே இந்தப் பதிவு. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் நுழையக்கூடிய கட்டடங்களின் வரலாற்றைக் கட்டடக்கலை வழியாகவும் இயக்கங்களின் வழியாகவும் எழுதலாம். நான் ஒரு சொற்றொடரின் வழியாக எழுதிப் பார்க்கிறேன்.

தடம் அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. வேலைக்கும் கல்விக்குமான உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையையும் நிலைநாட்ட அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது அந்த உறுப்பு. ஆனால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஓர் அடைத்தொடர் உட்கார்ந்திருக்கிறது: அரசு, ‘தன் பொருளாதாரத் திறன், வளர்ச்சி ஆகியவற்றின் எல்லைக்குள்’, வகைசெய்ய வேண்டும். நெறிப்படுத்தும் கோட்பாடுகளில் ஒன்று என்பதால் இதை நீதிமன்றத்தின் வழியே வலியுறுத்திப் பெற இயலாது என்று 37ஆம் உறுப்பு ஏற்கெனவே சொல்லிவிடுகிறது. அதாவது முன்கதவைப் பூட்டிய பிறகு பின்கதவுக்கும் தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கிறது.

இதற்காக 1950ஆம் ஆண்டின் வரைவாளர்களை நான் குறைசொல்லமாட்டேன். பிரிவினையின் காயம் ஆறாத, பஞ்சத்தின் நினைவு மறையாத நாடு அது. எல்லா முதியவர்க்கும் உதவித்தொகை என்று எழுதினால் மறுநாளே பணம் எங்கே என்ற கேள்வி எழுந்திருக்கும். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, அந்த உறுப்பு பேசுவது உதவியைப் பற்றி. கட்டடங்களைப் பற்றி அன்று. இரண்டு, அது முதுமையையும் உடற்குறையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பின்னாளில் வந்த சட்டங்கள் இந்த இரண்டையும் பிரித்தன. உதவிக்கென எழுதப்பட்ட அடைத்தொடரையோ படிக்கட்டுகளுக்கும் நீட்டித்தன.

1992ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் கூடிய ஆசிய பசிபிக் நாடுகள் 1993 முதல் 2002 வரையிலான காலத்தை மாற்றுத்திறனாளிகளுக்கான பத்தாண்டாக அறிவித்தன. அதில் இந்தியா ஒப்பமிட்டதன் விளைவாகவும், ஜாவேத் அபிதி போன்றோர் தில்லித் தெருக்களில் நடத்திய போராட்டங்களின் விளைவாகவும், 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, மின்தூக்கியில் பிரெய்ல் குறியீடும் ஒலி அறிவிப்பும், மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் சாய்தளம் என்று அதன் 46ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. முதல் தடவையாக இந்தியச் சட்டம் ஒன்று செங்கல்லையும் சிமெண்டையும் பற்றி உரிமையின் மொழியில் பேசுகிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பட்டியலுக்கு முன்னால் இருக்கும் வாக்கியத்தில் நம் பழைய நண்பர் இருக்கிறார்: ‘தம் பொருளாதாரத் திறன், வளர்ச்சி ஆகியவற்றின் எல்லைக்குள்’. போக்குவரத்தைப் பேசும் 44ஆம் பிரிவிலும், சாலைகளைப் பேசும் 45ஆம் பிரிவிலும் அதே தொடர். 41ஆம் உறுப்பிலிருந்து ஏறத்தாழ எழுத்து மாறாமல் வந்து இறங்கியிருக்கிறது.

இலக்கணப்படி அது வெறும் அடைமொழிதான். வாக்கியத்தின் முற்றுவினை கட்டாயப் பொருளில்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் வாக்கியம் படிக்கப்படும் முறை வேறு. அங்கே முற்றுவினையைத் தேடுபவர் மனுதாரர். அடைமொழியைத் தேடுபவர் அதிகாரி.

சட்டம் நடைமுறைக்கு வந்த சிறிது காலத்திலேயே இது உச்ச நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஜாவேத் அபிதி, விமானப் பயணத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகளையும் கட்டணச் சலுகையையும் கோரி வழக்குத் தொடுத்தார். 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பொருளாதாரத் திறன் கருத்தில் கொள்ளத்தக்கதே, ஆயினும் தடையற்ற சூழலை உருவாக்குவதென்னும் சட்டத்தின் நோக்கத்தை மறந்துவிட முடியாது என்ற போக்கில் நீதிமன்றம் பேசியது. 80 விழுக்காடும் அதற்கு மேலும் இயக்கக் குறைபாடு உடையவர்களுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கச் செய்தது. அபிதி வென்றார் என்றே சொல்ல வேண்டும். அடைத்தொடரும் தோற்கவில்லை.

அதே 1998ஆம் ஆண்டு மத்தியப் பொதுப்பணித் துறை தடையற்ற கட்டடச் சூழலுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே மாற்றுத்திறனாளிகளோடு முதியோரும் இடம்பெற்றனர். சட்டம் பிரித்ததைப் பொறியாளர்கள் சேர்த்துவைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பொறியாளருக்கு அது கருணை சார்ந்த முடிவாக இருந்திருக்க வேண்டியதில்லை. முழங்கால் வலியுள்ள எழுபது வயதுக்காரருக்கும், ஊன்றுகோலோடு வரும் இருபது வயதுக்காரருக்கும், கர்ப்பிணிக்கும் கைப்பிடி வேண்டிய உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அறுபது வயதைக் கடந்தோர் அதே கணக்கெடுப்பில் 10 கோடிக்கும் மேல். பின்னவரில் பெரும்பாலோர் தம்மை மாற்றுத்திறனாளி என்று எந்தப் படிவத்திலும் எழுதமாட்டார்கள். அவர்கள் ஒரு நாள் படியேறுவதை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் காப்பகத்தில் முன்பு நாள்தோறும் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் இப்போது வருவதில்லை. உடல்நலம் சரியில்லை என்றார்கள். தொலைபேசியில் கேட்டேன். உடல்நலத்துக்கு ஒன்றுமில்லையாம், அந்த ஆறு படிகள்தானாம்.

முதியோர் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. பெரும்பாலும் பிள்ளைகளின் கடமையைப் பேசும் சட்டம் அது. அரசின் கடமையைப் பேசும் இடத்தில், அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குப் படுக்கைகள் வழங்கப்பட வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. எப்படி வழங்கப்பட வேண்டும்? ‘இயன்றவரை’. பிள்ளைகளின் கடமைக்கு அந்த அடைமொழி இல்லை.

இனி ‘திறன்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 2001 ஜனவரியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். தில்லியின் நினைவுச்சின்னங்களைப் பார்க்க விரும்பினார். குதுப் மினார், ஜந்தர் மந்தர் போன்ற இடங்களில் அவருடைய சக்கர நாற்காலிக்காக மரத்தாலான தற்காலிகச் சாய்தளங்கள் போடப்பட்டன. நூற்றாண்டுகளாகப் படிகளோடு நின்ற இடங்கள் ஒரு விருந்தினருக்காக வழிவிட்டன. நினைவுச்சின்னத்தின் தொன்மை கெடும், நிதி ஒதுக்கீடு இல்லை, தொழில்நுட்ப ஆய்வு தேவை என்ற விடைகளை எத்தனையோ உள்ளூர்க்காரர்கள் கேட்டுச் சலித்த இடங்கள் அவை. இந்த நிகழ்வை அபிதியும் அவருடைய தோழர்களும் விடாமல் சுட்டிக்காட்டினார்கள். ஹாக்கிங்குக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது என்ற கேள்விக்கு, பொருளாதாரத் திறனின் எல்லை என்ற விடை அதன்பின் முன்போல் எடுபடவில்லை. நாட்டின் பொருளாதாரத் திறன் ஒரு வாரத்தில் வளர்ந்து மறுவாரம் சுருங்கியிருக்க முடியாது அல்லவா?

சாய்தளத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. ஒரு மீட்டர் உயரம் ஏறப் பன்னிரண்டு மீட்டர் நீளம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர். ஆறு படிகளுக்கு 10.8 மீட்டர், நடுவில் மூச்சுவாங்கச் சமதளமும் வேண்டும். புதிதாகக் கட்டும்போது தரைமட்டத்தைத் தாழ்த்தியோ வாசலை வேறு பக்கம் வைத்தோ இந்த நீளத்தைக் கரைத்துவிடலாம். கட்டிமுடித்த பிறகு அதே பத்து மீட்டர் வாகன நிறுத்தத்தையோ தோட்டத்தையோ விழுங்கும். ‘திறன்’ என்பது பெரும்பாலும் காலத்தைப் பற்றிய கேள்வி: எப்போது நினைத்தோம் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. தில்லி மெட்ரோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2002 டிசம்பரில் அதன் முதல் தடம் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் முன்கூட்டியே அழுத்தம் கொடுத்து, ஆய்வுசெய்து, திருத்தங்கள் சொன்னதால் மின்தூக்கிகளும் தரைப் புடைப்பு ஓடுகளும் வடிவமைப்பிலேயே இடம்பெற்றன. இன்று அந்த மின்தூக்கிகளில் காத்திருப்போரில் பலர் பயணப்பெட்டி சுமப்பவர்கள், குழந்தையைத் தூக்கியவர்கள், முதியவர்கள்.

அந்தப் புடைப்பு ஓடுகளைப் பற்றி ஒரு கிளைப்பேச்சு, மொழியியல் படித்தவருக்கு மன்னிக்கத்தக்கது. ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965ஆம் ஆண்டு உருவாக்கியவை அவை; 1967ஆம் ஆண்டு ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று அதில் இரண்டே குறிகள். நீள்கோடு என்றால் ‘செல்’. புள்ளி என்றால் ‘நில், கவனி’. இரண்டு சொற்கள் மட்டுமே கொண்ட ஒரு மொழி. காலாலும் கோலாலும் படிக்கப்படுவது. நம் நகரங்களின் நடைபாதைகளில் அந்த மொழி எழுதப்படும் விதம் திகைக்கவைக்கிறது. கோடு மின்கம்பத்தில் போய் முட்டுகிறது. புள்ளிகள் அழகுக்காக முழுத் தரையிலும் பரப்பப்பட்டிருக்கின்றன. பார்வையற்ற ஒருவருக்கு அது அடி எடுத்துவைக்கும் இடமெல்லாம் ‘நில்’ என்று கத்தும் சாலை. ஓடு வாங்கியாயிற்று, பதித்தாயிற்று, கணக்கில் ஏறியாயிற்று. படிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியா மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்பு அணுகல் பற்றியது. 2014ஆம் ஆண்டு அதற்கு விளக்கம் எழுதிய ஐ.நா. குழு ஒரு கூர்மையான வேறுபாட்டைச் செய்தது. தனிமனிதர் ஒருவர் கேட்கும்போது அவருக்கேற்பச் செய்துதரும் மாற்றம் வேறு. யாரும் கேட்பதற்கு முன்பே எல்லோருக்குமாக அமைக்கப்பட வேண்டிய அணுகல் வேறு. முன்னதில் அளவுமீறிய சுமை என்று வாதிட இடமுண்டு. பின்னது நிபந்தனையற்ற கடமை. எங்கள் மனுவுக்கு வந்த பதிலின் அடிப்படைத் தவறு இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நாங்கள் கேட்டதைத் தனியொருவருக்கான சலுகையாகக் காப்பகம் படித்தது.

உடன்படிக்கைக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்த ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. இடையில், 2015 டிசம்பர் 3 அன்று ‘சுகம்ய பாரத்’ இயக்கம் தொடங்கப்பட்டது. ஆங்கில ‘ஆக்சஸ்’ என்பதன் இலத்தீன் வேரிலும், ‘சுகம்ய’ என்பதன் வடமொழி வேரிலும் ‘செல்லுதல்’ இருக்கிறது. நம் ‘அணுகல்’ நெருங்குவதோடு நின்றுவிடுகிறது. வாசல்வரை வந்துவிட்டு உள்ளே போகாத சொல். வேப்பமரத்தடிவரை என்று நண்பர் சொல்லிச் சிரித்தார்.

2016 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறியது. முதலில் நான் செய்தது நம் அடைத்தொடரைத் தேடியதுதான். கட்டடங்களைப் பற்றிய பிரிவுகளில் அது இல்லை. சமூகப் பாதுகாப்பைப் பேசும் 24ஆம் பிரிவுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அதாவது 1950இல் பிறந்த வீட்டுக்கே. போக்குவரத்தைப் பேசும் 41ஆம் பிரிவில் அதன் உறவினர்கள் சிலர் தங்கிவிட்டார்கள்: பழைய வாகனங்களை மாற்றியமைப்பது தொழில்நுட்பத்தில் இயலுமானால், பொருளாதாரத்தில் கட்டுப்படியாகுமானால் என்று. கட்டடங்களுக்கு வந்தால் மொழி இறுகுகிறது. அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம் எதுவும் பொதுக் கட்டடமே. விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதி இல்லை. கட்டிய பின் நிறைவுச் சான்றிதழ் இல்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து ஆண்டுகள் 2022 ஜூனில் முடிந்தன.

அடைமொழி போய்விட்டது, பின் ஏன் படிகள் அப்படியே இருந்தன? அது வாக்கியத்திலிருந்து வெளியேறி வினைச்சொல்லுக்குள் புகுந்துகொண்டது. அணுகலுக்கான தரங்களை வகுத்து விதிகள் இயற்ற வேண்டும் என்று 40ஆம் பிரிவு மத்திய அரசைப் பணிக்கிறது. அதன்படி எழுதப்பட்ட 15ஆம் விதி புதிதாகத் தரம் எதையும் வகுக்கவில்லை. கட்டடங்களுக்கு 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளையும், பிற துறைகளுக்கு அவ்வவற்றின் நெறிகளையும் பின்பற்ற வேண்டும் என்று கைகாட்டியது. கைகாட்டிய திசையில் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பவை வழிகாட்டுதலின் மொழியில் எழுதப்பட்ட ஆவணங்கள்: செய்யலாம், செய்வது விரும்பத்தக்கது, பரிந்துரைக்கப்படுகிறது. வெளியே ‘வேண்டும்’, உள்ளே ‘லாம்’.

நம் இலக்கணிகள் வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று பொருள் வகுத்தார்கள். ‘செய்க’ என்ற ஒரே வடிவம் ஆணையாகவும் நிற்கும், வேண்டுகோளாகவும் நிற்கும். சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதே பொருளைத் தீர்மானிக்கும். வழிகாட்டு நெறிகளின் வினைகள் இத்தகைய வியங்கோள்கள். எழுதியவர் விதித்தலாக எண்ணியிருக்கலாம். கட்டடம் கட்டுபவர் வேண்டலாகவே படிப்பார்.

இதை உச்ச நீதிமன்றம் இலக்கணியைப் போலவே படித்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நிறைவு தந்த இடம். ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுடையவர் 2005ஆம் ஆண்டு தொடுத்த பொதுநல வழக்கு அது. 2017 டிசம்பரில் காலக்கெடுக்களோடு ஒரு தீர்ப்பு வந்தது. கெடுக்கள் கடந்தன. 2023ஆம் ஆண்டு, ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்திலுள்ள மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் நீதிமன்றம் கள அறிக்கை கேட்டது. 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. தாய்ச் சட்டம் கேட்டது கட்டாயமான தரங்களை. விதி தந்ததோ பரிந்துரைகளை. ஆகவே 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு சட்டத்திற்கு முரணானது என்று அமர்வு அறிவித்தது. படிப்படியாக நிறைவேற்றப்பட வேண்டியவை உண்டு. ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தரம் எதுவென முதலில் வரையறுக்கப்பட வேண்டும் என்றது. மூன்று மாதங்களில் கட்டாய விதிகளை, மாற்றுத்திறனாளிகளைக் கலந்து, பிரித்தெடுத்து எழுதப் பணித்தது. அதன்பின் மீறுவோருக்கு நிறைவுச் சான்றிதழ் மறுப்பும் 89ஆம் பிரிவின் அபராதமும் பொருந்தும். முதல் மீறலுக்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. ஒரு நல்ல சாய்தளத்தின் செலவைவிட அது குறைவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு தொடுக்கப்பட்ட ஆண்டில் நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். தீர்ப்பைப் படித்தபோது முனைவர் பட்டப் பதிவின் மூன்றாம் ஆண்டு.

காப்பகத்திற்குத் திரும்புகிறேன். சென்ற கோடையில் ஒரு சாய்தளம் வந்துவிட்டது. பளபளக்கும் கிரானைட். நாடா வைத்து அளந்தோம். உயரம் 90 சென்டிமீட்டர், நீளம் நாலரை மீட்டர்: 1:5. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் ஓடும் வேகத்தில் நாற்காலியும் ஓடும். காவலர் இருவர் பின்னாலிருந்து தள்ளினால் நண்பர் மேலே போகலாம், போனார். முதல் நாள் ஒரு கோப்பைக் கேட்டு வாங்கி, வேண்டிய தாளைப் பார்த்தபின் மூடாமல் அடுத்த தாளையும், அதற்கடுத்த தாளையும் புரட்டிக்கொண்டே இருந்தார். மதிய உணவுக்கும் இறங்கவில்லை. இறங்க மீண்டும் இருவர் வேண்டும்.

இரண்டாவது மனுவை நான் வரைந்தேன். சரிவை மாற்றிக் கைப்பிடி அமைத்துத் தருமாறு ‘பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று முடித்திருந்தேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, 45ஆம் பிரிவின்படி ‘அமைக்க வேண்டும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஓய்வுபெற்ற பேராசிரியரிடமும் ஒரு கையொப்பம் வாங்க நாளை அவர் வீட்டுக்குப் போகிறோம். அது முதல் மாடி. மின்தூக்கி இல்லை, அவர் கீழே இறங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.